குப்பை தெரிகிறது, கூலி தெரியவில்லை

மாநகராட்சியின் வலைத்தளத்தையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பிரதி மனசில் வைத்திருக்கும் வாசகர் யார்? சொத்துவரி கட்டுகிறவர், பிறப்புச் சான்றிதழ் இறக்கிக்கொள்கிறவர், தெருமுனையில் குப்பை கிடந்தால் புகார் பதிகிறவர். முகப்பேரில் வீட்டுவசதி வாரிய மனையில் வீடு கட்டியிருப்பவருக்கு இது வசதிதான், இல்லேன்னு சொல்லல. ஆனால் அந்தக் குப்பையை அள்ளுகிறவர் இந்தப் பிரதியில் எங்கே வருகிறார்?

புகாராக வருகிறார். போட்டோ பிடித்து அனுப்பியதும் கேள்வி படிப்படியாகக் கீழே இறங்கி, வண்டி தள்ளுகிற அம்மாவிடம் வந்து நிற்கிறது: ஏன் இன்னும் எடுக்கலை? அந்த அம்மாவுக்கு என்ன கூலி, பி.எஃப். கட்டியாச்சா, கையுறை கொடுத்தாங்களா என்பதெல்லாம் மேலே ஏற வேண்டிய கேள்விகள். அவை புகார்க் கணக்கில் சேருவதில்லை.

2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், ஒவ்வொரு ஊழியரின் மாத ஊதியத்தையும் யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்கிறது, 4-ஆம் பிரிவில். 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னையோடு இணைக்கப்பட்டபோது முகப்பேரும் மாநகராட்சிக்குள் வந்தது. அம்பத்தூர் மண்டலத்தில் குப்பை அள்ளும் வேலை இன்று தனியார் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் என்றானதும் தொழிலாளர் மாநகராட்சியின் ஊழியர் இல்லை. அவர் கூலி அந்தப் பட்டியலிலிருந்து நழுவிவிடுகிறது. துடைப்பம் பிடிக்கும் கை மாறவில்லை, சாதியும் மாறவில்லை. மாறியது கணக்கு காட்ட வேண்டிய கடமை மட்டும்தான்.

இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் தனியாருக்குக் கொடுத்தபோது, 2025 ஆகஸ்டில் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை எதிரே 13 நாட்கள் உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ 23,000 ரூபாய் சம்பளம் 16,000 அளவுக்கு இறங்கும் என்றார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. 2022-இல் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட மேயர் நாற்காலியில் பிரியா அமர்ந்ததைக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். நாற்காலி வந்த பிறகும் ஒப்பந்தத் தாள் வேறு கையில் இருக்கிறது என்பதைப் படித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை சென்னையில் மாமன்றமே கிடையாது. வார்டுக்கு உறுப்பினர் இல்லை, புகார் சொல்ல 1913 என்ற எண் இருந்தது. புகார் என்பது தனி ஆள் கொடுப்பது. ஊர் கூடிக் கேட்கிற கேள்விக்கு அது ஈடாகாது.

இராஜஸ்தானில் 1994-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் நடத்திய பொது விசாரணைகளில் கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். வேலைக்கே வராதவர் பேரில் எழுதிய கூலி அம்பலமானது. அங்கே 2019-இல் மக்கள் தகவல் வலைத்தளம் வந்ததன் பின்னால் அந்தக் குரல் இருக்கிறது. குரல் முதலில், கணினி பிறகு. நம் சட்டமும் தகவல் பரப்பும் வழிகளை எண்ணும்போது அறிவிப்புப் பலகையைத்தான் முதலில் வைக்கிறது, இணையம் பின்னால்தான் வருகிறது.

தனியார் அமைப்பிடமிருந்து அரசு சட்டப்படி பெறக்கூடிய தகவலும் தகவல்தான் என்கிறது 2-ஆம் பிரிவு. எனவே தோழர்களே, கேட்க வேண்டியது இது: ஒப்பந்தம், ஆள்கணக்கு, நாள்கூலி, பி.எஃப். ரசீது நான்கும் வலைத்தளத்தில் ஏற வேண்டும், தமிழில். வார்டு அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். விடியற்காலை வருகைப் பதிவுக்கு நிற்கிறவர்கள் அதைப் படிக்கட்டும், படிக்கத் தெரியாதவர்களுக்கு நம் மாணவர்கள் வாசித்துக் காட்டட்டும். எதுவரை தெரியவில்லையோ, அதுவரை வெளிப்படைத்தன்மை என்ற சொல்லை வீட்டுக்காரர்களின் சொல்லாகவே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.