ஆற்றங்கரை அமைதியும் அதன் அப்பாலும்

இயற்கைக் காட்சி ஓவியங்களை விமரிசிப்போர் பெரும்பாலும் அழகு, அமைதி என்ற இரு சொற்களுடன் நின்றுவிடுகின்றனர். அவ்வமைதி எங்கே நின்று நோக்கியவருக்குக் கிட்டியது என வினவுவோர் சிலரே. ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1821ஆம் ஆண்டில் தீட்டிய 'உலர்புல் வண்டி'யை முன்வைத்து அவ்வினாவை நாம் எழுப்ப விரும்புகின்றோம்.

சஃபோக் மாவட்டத்தின் எல்லையில் ஓடும் ஸ்டூர் ஆறு ஓவியத்தின் களம். இடப்புறம் ஒரு குடியானவரின் வீடு. ஆழமற்ற நீரின் நடுவே குதிரைகள் பூட்டிய வெறும் வண்டி. கரையில் ஒரு நாய். மேலே முகில்கள் திரண்ட வானம். வலப்புறம், வெகு தொலைவிலுள்ள புல்வெளியில் சில சிறு புள்ளிகள் தென்படுகின்றன. அவையே புல்லறுத்து வண்டியேற்றும் கூலியாட்கள்.

கொன்ஸ்டபிளின் சாதனையை நாம் மறுக்கவில்லை. புராண மாந்தரும் பழைய இடிபாடுகளுமே நிலக்காட்சிக்குப் பெருமை தருவன எனக் கருதப்பட்ட காலத்தில், ஓர் உழவு வண்டிக்கு ஆறடி அகலத் திரையை அவர் அளித்தார். இலண்டனில் அன்று விலைபோகாத இவ்வோவியம் 1824இல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றது.

எனினும், இக்காட்சி ஓவியரின் தந்தையார் நடத்திய ஆலையின் அருகிலிருந்து காணப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. நெப்போலியனுடனான போர் 1815இல் முடிந்தபின் தானிய விலை வீழ்ந்தது; படையிலிருந்து மீண்டோர் வேலை தேடி அலைந்தனர்; கூலி தேய்ந்தது. ஓவியம் காட்சிக்கு வந்த மறு ஆண்டிலேயே, 1822இல், அப்பிரதேசத் தொழிலாளர் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தனர். இரவுதோறும் தீ தெரிவதாகச் சகோதரர் அறிவித்ததைக் கொன்ஸ்டபிளே தம் நண்பருக்கு எழுதியுள்ளார்.

ஓவியர் தீயையே தீட்டியிருக்க வேண்டும் என்று கட்டளையிடுவது விமரிசனமாகாது. ஆனால், உழைப்பை அமைதியாகக் காட்டுவதற்கு உழைப்பவரை எவ்வளவு தொலைவில் நிறுத்த வேண்டியிருந்தது என்பதை அளந்து கூறுவது விமரிசனத்தின் கடமை. ஆற்றுநீரின் ஒவ்வொரு மினுக்கத்தையும் கூர்ந்து கண்ட தூரிகை, அம்மனிதருக்கு முகம் தரவில்லை.

இப்படத்தை வகுப்பறையில் காட்டும் ஆசிரியர், வண்டியையும் வானத்தையும் விளக்கியபின் அச்சிறு புள்ளிகளையும் சுட்டிக்காட்டட்டும். அவர்கள் யார், அன்று என்ன கூலி பெற்றனர் என மாணவர் கேட்கத் தொடங்கினால், ஓவியத்தின் அழகு குன்றிவிடாது. அதைக் காணும் கண் வளரும்.