எலும்பு எது, சிமெண்ட் எது?

உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்கு மேல், பத்து வயதுக்குள் ஒரு பிள்ளை இருந்தால் இந்த வாரம் உங்களுக்காகத்தான். அந்த வயதில் எல்லாருக்கும் ஒரு டைனோசர் ஜுரம் வரும். சொந்தச் சித்தப்பா பெயர் மறந்துபோகும், டிரைசெரடாப்ஸ் மறக்காது. லீவு விட்டதும் "டைனோசர் மியூசியம் போலாம்ப்பா" என்று ஆரம்பிப்பார்கள். நீங்களும் பெரும்பாக்கத்திலோ மேடவாக்கத்திலோ சேலையூரிலோ உட்கார்ந்துகொண்டு, எங்கேடா கூட்டிப்போவது என்று யோசிப்பீர்கள்.

சுலபமான வழி ஒன்று உண்டு. ஏதாவது ஒரு பொருட்காட்சி, தீம் பார்க், மால். ரப்பர் தோல் போர்த்திய டைரனோசாரஸ் ஒன்று தலையை ஆட்டி உறுமும். பிள்ளை முதலில் பயந்து, அப்புறம் சிரித்து, கடைசியில் ஐஸ்க்ரீம் கேட்கும். போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அதற்கே மியூசியம் என்று போர்டு மாட்டி டிக்கெட் கிழித்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நான் காமர்ஸ் படித்தவன். ஸ்டாக் ரெஜிஸ்டரில் எழுதியிருக்கிற சரக்கு கோடவுனில் இருக்கிறதா என்று நேரில் போய் எண்ணிப் பார்ப்பது எங்களுக்கு ஆடிட்டிங்கில் ஆரம்பப் பாடம். அந்தப் புத்தியோடு மியூசியத்துக்குள் நுழைந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இதில் எலும்பு எது, சிமெண்ட் எது? பதிலைப் பலகையில் எழுதி வைத்திருந்தால் நல்ல மியூசியம். வாட்ச்மேனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால் சுமார். அவரும் "எல்லாம் ஒரிஜினல் சார்" என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

நகல் வைப்பது பாவமில்லை. லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்கு 1905-ல் வந்து சேர்ந்த புகழ்பெற்ற 'டிப்பி' முழுக்க முழுக்க பிளாஸ்டர் வார்ப்பு. அதை யாரும் மறைக்கவில்லை. அப்படியும் தலைமுறை தலைமுறையாகக் கூட்டம் வந்தது.

நிஜ எலும்புதான் வேண்டும் என்றால் இந்தியாவிலேயே போகலாம். ஐதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் கோட்டாசாரஸ் நிற்கிறது. சுமார் 9 மீட்டர் நீளம். இன்றைய தெலங்கானாவில், யமன்பள்ளி என்ற ஊர்ப் பக்கம் கிடைத்தது. குறைந்தது பன்னிரண்டு மிருகங்களின் எலும்புகள் கிடைத்தும், இரண்டு பற்களைத் தவிர மண்டையோடு கிடைக்கவில்லை. ஆக, அங்கே கழுத்துக்கு மேலே நீங்கள் பார்ப்பது அனுமானம். இதைப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். "அப்ப தலை யாருப்பா செஞ்சாங்க?" என்று கேட்கும். அந்த ஒரு கேள்வி போதும், டிக்கெட் காசு வசூல்.

கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பராபாசாரஸ் இருக்கிறது. வங்காளத்தில் 'பரா பா' என்றால் பெரிய கால். தொடை எலும்பு மட்டும் 1.7 மீட்டர். தாகூர் நூற்றாண்டான 1961-ஐ ஒட்டி அகழ்ந்ததால், 1975-ல் பெயர் வைத்தபோது அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். குஜராத்தில் பாலாசினோர் பக்கத்தில் ரையோலி. 1981-ல் எலும்புகளும் முட்டைகளும் கிடைத்த இடத்திலேயே 2019-ல் மியூசியம் திறந்தார்கள்.

எல்லாம் தூரம். "நம்ம ஊர்ல இல்லையா சார்?" என்பீர்கள். கணக்கு இடிக்கிற இடம் இதுதான்.

அரியலூர் பக்கத்தில் கல்லமேடு என்று ஒரு கிராமம். 1987-ல், அது திருச்சி மாவட்டமாக இருந்த காலத்தில், அங்கே கிடைத்த ஒரு டைனோசரைப் பற்றி யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள். வைத்த பெயர் புருகத்காயோசாரஸ். பெரிய உடம்புக்காரன் என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். எடை 110-லிருந்து 130 டன் வரை இருந்திருக்கலாம் என்று 2023-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அது சரியானால் தரையில் நடந்த மிருகங்களிலேயே மிகப் பெரியது நம்ம ஊர்க்காரனாக இருக்கலாம். நீலத் திமிங்கிலத்தோடு தராசில் உட்காரக் கூடியவன்.

எந்த மியூசியத்தில் பார்க்கலாம்? எதிலும் இல்லை. இப்போது எலும்பே இல்லை.

அந்த மண்ணில் கிடைக்கிற எலும்பு லேசில் நொறுங்கிவிடும். மழையில் ஊறி, வெயிலில் வெடித்து, எடுத்து வைத்ததும் பொடிப்பொடியாகிவிட்டது என்று 2017-ல்தான் எழுத்தில் வந்தது. அதுவரை, இது எலும்பே இல்லை, கல்லாய்ப்போன மரமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அவர்களைக் கோபித்துப் பயனில்லை. பக்கத்து பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரமே கிடக்கிறது. பொருளைக் காட்ட முடியாதபோது ஆடிட்டர் சந்தேகப்படத்தான் செய்வார். 2022-ல் பழைய போட்டோக்கள் வெளிவந்த பிறகுதான், எலும்புதான் என்ற பேச்சுக்குப் பலம் வந்தது.

இதில் மனசை அறுக்கிற விஷயம் ஒன்று. கோட்டாசாரஸுக்கு 1988-ல் பெயர் வைத்தவரும் இதே யாதகிரிதான். ஒரே ஆள் எழுதிய இரண்டு என்ட்ரி. ஒன்று ஐதராபாத் ஹாலில் நிமிர்ந்து நிற்கிறது. இன்னொன்று போட்டோவில் மட்டும். தோண்டியவர்களைக் குறை சொல்ல நான் யார்? மண் அப்படி, மழை அப்படி. ஆனால் இழந்தோம் என்ற கணக்காவது நமக்கு, நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்தப் பெயரைக் கேட்டிருக்கும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் பேர்போன கல்லங்குறிச்சி வட்டாரத்தில் வெட்டுகிற சுண்ணாம்புக்கல், ஏறக்குறைய ஏழு கோடி வருஷத்துக்கு முந்தைய கடலின் சிப்பிகள் நிறைந்தது. நம்ம பெரிய உடம்புக்காரனும் ஏறக்குறைய அதே காலத்தவன்தான். அந்தக் கல்தான் அரைபட்டு சிமெண்டாகி மூட்டையில் வருகிறது. உங்கள் பெரும்பாக்கம் பிளாட் சுவரில் அரியலூர் சிமெண்ட் இருந்தால், ஹாலில் மாட்டியிருக்கும் காலண்டருக்குப் பின்னால் அந்தக் கடல் இருக்கிறது. பார்க்கில் நிற்கிற சிமெண்ட் டைரனோசாரஸின் வயிற்றிலும் அது இருக்கக்கூடும். அந்த டைரனோசாரஸோ வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த ஆசாமி. இந்தியாவில் அதன் எலும்பு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. உள்ளூர்ச் சொத்தை அரைத்து மாவாக்கி, அந்த மாவில் வெளியூர்க்காரனுக்குச் சிலை பிடிக்கிறோம். சிமெண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கும் வீடு வேண்டும். அரைப்பதற்கு முன்னால் அதில் என்ன இருந்தது என்று ஒரு பலகையில் எழுதி வைக்கலாமே என்கிறேன்.

சரி, ஊர் போவோம். தாம்பரத்தில் ஏறினால் விழுப்புரம், விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகிற ரயில்களில் சில அரியலூரில் நிற்கும். அங்கிருந்து வாரணவாசி போனால் புதைபடிவ அருங்காட்சியகம். அம்மோனைட் என்கிற, நத்தை மாதிரி சுருண்ட கடல் பிராணிகளின் கல்லாய்ப்போன ஓடுகளைப் பார்க்கலாம். அப்படியே சாத்தனூர் கல்மரம். ஒரே நாளில் திரும்ப வேண்டுமானால் திண்டிவனத்தைத் தாண்டி திருவக்கரை, அங்கேயும் கல்மரங்கள். எழும்பூர் மியூசியம் போவதானால் வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். எங்கே போனாலும் முதலில் ஒரு போன் செய்து, திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, வாரணவாசியிலும் நம்ம ராட்சசன் இல்லை என்று பிள்ளையிடம் ரயில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். 2020-ல் குன்னத்தில் ஏரி தோண்டியபோது கிடைத்த உருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரே பேசியதையும், அவை கடலடியில் உருண்டு இறுகிய படிவங்கள் என்று பிறகு தெரிந்ததையும் சொல்லுங்கள். உறுமும் பொம்மையைவிட இந்தத் துப்பறியும் கதை பிள்ளைக்குப் பிடிக்கும். வழியில் கிடக்கும் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லுங்கள். நாமும் போடக் கூடாது.

ஒரு மியூசியத்தில் காலியாக ஒரு மேடை வேண்டும் என்பது என் ஆசை. "கல்லமேட்டில் கிடைத்தது. காப்பாற்ற முடியவில்லை." அந்தப் பழைய போட்டோ ஒன்று, இவ்வளவு எழுதினால் போதும். அது வருகிற வரை நாமே செய்யலாம். சுவரில் 2 மீட்டர் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிள்ளையைக் கீழே நிறுத்தி, "முழங்காலுக்குக் கீழ மட்டும் இவ்ளோ" என்று சொல்லுங்கள். மீதியை அது நிமிர்ந்து பார்த்துக்கொள்ளும்.