விலைக்கு வந்த 'முனைவர்'

சென்னைத் துறைமுகத்தின் வாயிலைக் கடந்து ஒரு பெட்டி வெளியே வரவேண்டுமானால், உள்ளிருப்பது என்ன, அனுப்பியவர் யார், சுங்கம் கட்டியாயிற்றா என்று அடுக்கடுக்காய்க் கேள்விகள்! இராயபுரத்துத் தொழிலாளத் தோழர்கள் இதனை நன்கறிவர். ஆனால், அவர்தம் பிள்ளைகள் பயிலும் பள்ளியின் நிருவாகி ஒருவர் திடீரென்று 'டாக்டர்' ஆகிவிட்டால், "ஐயா, இந்தச் சரக்கு எந்தக் கப்பலில் வந்தது?" என்று கேட்பார் உண்டா?

கேட்கவேண்டும் என்கிறோம் நாம்.

1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டம், முறைப்படி அமைந்த பல்கலைக்கழகங்களும் சட்டம் உரிமை தந்த நிறுவனங்களுமன்றி வேறெவரும் பட்டம் வழங்கலாகாது என்கிறது. மீறினால் தண்டம்? ஆயிரம் ரூபாய் வரை! பட்டத்தின் விலையைவிடத் தண்டம் மலிவு என்றால் வணிகம் செழிக்காதா?

செழித்தது. 2023 பிப்ரவரி 26 அன்று, அண்ணா பல்கலைக்கழக மண்டபத்திலேயே தனியார் அமைப்பொன்று மேடையிட்டுத் திரைக்கலைஞர் உள்ளிட்டோர்க்குக் 'கௌரவ டாக்டர்' பட்டம் சூட்டியது. தமக்குத் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகம் காவல்துறையிடம் முறையிட நேர்ந்தது. மேகாலயத்தின் சி.எம்.ஜே. பல்கலைக்கழகமோ, 2012-13-இல் 434 பேரை முனைவராக்கியது; அங்கே முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர் பத்தே பேர்! 2014-இல் அரசு அதனைக் கலைத்தது. அமெரிக்காவும் விலக்கன்று. லைபீரியாவின் பெயரால் நடந்த 'செயின்ட் ரெஜிஸ்' என்னும் பட்டக்கடையில் வாங்கிய தாளைக் காட்டி, ஜார்ஜியா மாநிலப் பள்ளி ஆசிரியர் சிலர் கூடுதல் ஊதியம் பெற்றது 2004-இல் வெளியாயிற்று.

பள்ளியை நடத்த முனைவர் பட்டம் வேண்டுமா? பள்ளிப் படிப்பையே முடிக்காத காமராசர், நாடெங்கும் பள்ளிகளைத் திறந்தாரே! பின் எதற்கு இந்த வேட்கை? வணங்கவைக்க! 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது சுயமரியாதை இயக்கம். பிறப்பால் ஒட்டிய வால் போயிற்று. பணத்தால் ஒட்டும் தலைப்பு வந்தது. உழைக்காமல் உயர்வு கோருவதில் இரண்டும் ஒன்றே.

இழப்பு யாருக்கு? திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளியின் மகள், ஆண்டுக்கணக்கில் நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் கண்விழித்து முனைவராகிறாள். அவள் தாளும் வாங்கிய தாளும் ஒரே சட்டத்தில் தொங்கினால், ஏமாற்றப்படுபவள் அவளே! "படித்தால் உயரலாம்" என்று நாம் ஊட்டிய நம்பிக்கையே அங்கு களவாடப்படுகிறது.

ஆகவே, தோழர்களே, பணிவோடு கேளுங்கள்: எந்தப் பல்கலைக்கழகம்? எந்த ஆண்டு? ஆய்வேடு எங்கே? போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக்குழுவே வெளியிடுகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டிவைக்கும் 'ஷோத்கங்கா' எவர்க்கும் திறந்திருக்கிறது. உண்மை முனைவர் மகிழ்ந்து விடையளிப்பார். சினப்பவர் யாரென்று நாடு கண்டுகொள்ளட்டும்!