குடும்ப வருமானம் யார் கையில்?

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களில் மீன் விற்கும் பெண்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பவர், அவர்கள் ஏலத்தில் மீன் எடுப்பதைப் பார்த்திருக்க மாட்டார். எடுத்த விலை, ஐஸ் செலவு, ஆட்டோ வாடகை, விற்காமல் போனால் கருவாட்டுக்கு எவ்வளவு தேறும் என்பதெல்லாம் அங்கேயே மனக்கணக்காக ஓடிவிடும். தண்டலும் அவர்களுக்குப் புரியாததல்ல. 10,000 ரூபாய் என்று எழுதி, கையில் 8,500 தந்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலித்தால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். அது கொள்ளை என்று தெரிந்தேதான் வாங்குகிறார்கள். விடிவதற்குள் ஏலப் பணம் தர வேறு ஆளில்லை.

ஆனால் கடன் ஆலோசனையும் நிதிக் கல்வி வகுப்பும் பெண்ணின் அறியாமையிலிருந்தே தொடங்குகின்றன. வரவை எழுது, செலவைக் குறை என்கின்றன. அங்கே கற்க வேண்டியதும் உண்டு. 50,000 ரூபாய்க்கு 12 சதவீத ‘பிளாட்’ வட்டி, 24 மாதத் தவணை என்றால், குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட அது ஏறத்தாழ 22 சதவீதம். இதைச் சொல்லித்தரத்தான் வேண்டும். என் மறுப்பு, வரவு-செலவு நோட்டின் முதல் வரி மீது: ‘குடும்ப வருமானம்’.

ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நுண்கடன் விதிகளும் இதையே அளவுகோலாக வைக்கின்றன. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் சேர்ந்தது குடும்பம். அதன் எல்லாக் கடன் தவணைகளும் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

ஒரு கணக்குப் போடுவோம். கடலுக்குப் போகும் கணவருக்கு 15,000, மீன் விற்கும் மனைவிக்கு 9,000. மொத்தம் 24,000, தவணை 12,000 வரை போகலாம். கணவரின் பணத்தில் வீட்டுக்கு வருவது 6,000தான் என்றால்? மனைவி கையில் சேரும் 15,000இல் தவணை போக மிஞ்சுவது 3,000. அரிசியும் பள்ளிச் செலவும் அதற்குள். விதி எதுவும் மீறப்படவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் இருவர் வரவும் குறையும்; தவணை குறையாது. குழுக் கடனில் கையெழுத்து அவருடையது. கட்டத் தவறினால் வாசலில் வந்து கேட்பவர்களும் பக்கத்து வீட்டுப் பெண்களே.

ஆண்கள் எல்லோரும் குடித்து அழிக்கிறார்கள் என்பதல்ல என் வாதம். வலை, டீசல், எஞ்சின் கடனுக்குக் கரையிலேயே பிடித்துக்கொள்ளப்படும் பணமும் உண்டு. எப்படியானாலும் வீட்டுக்கு வராத பணம் அவர் கணக்கில் வரவாக எழுதப்படுகிறது.

காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைக்கக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு 2025இல் சட்டமும் இயற்றியது. இரண்டும் தேவையானவை; இரண்டும் வசூலிப்பவரைக் கட்டுப்படுத்துபவை. வீட்டுக்குள் கடனைப் பங்கிடுவது ஆலோசகர் எடுக்க வேண்டிய பேச்சு.

அவர் கேட்க வேண்டியவை: உன் கைக்கு எவ்வளவு வருகிறது, எந்த மாதத்தில் வராது? கடன் யார் பெயரில், பணம் யாரிடம் போனது? எஞ்சினுக்குப் போனதென்றால் எஞ்சின் வரவிலிருந்து தவணை கட்ட அவர் ஒப்புக்கொண்டாரா? இதைக் கணவரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். கேட்காத வகுப்பு, அவர் வாங்கிய கடனுக்கு அவரையே இன்னொரு முறை கண்டிக்கிறது.