புற்று மண்ணில் ஒரு முகம்

தஞ்சாவூருக்குக் கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டரில் புன்னைநல்லூர். மராட்டிய மன்னர் வெங்கோஜியின் கனவில் மாரியம்மன் தோன்ற, புன்னைக் காட்டுக்குள் அவர் புற்றைக் கண்டு கூரை வேய்ந்தார் என்பது தலவரலாறு. சதாசிவ பிரம்மேந்திரர் அந்தப் புற்று மண்ணையே அம்மனாக வடித்தாராம். பின்வந்த மராட்டிய மன்னர்கள் கோயிலைப் பெரிதாக்கினார்கள்.

கோபுரத்துக்குப் பூசும் வண்ணத்தைவிட, இங்கே அம்மனைப் புதுப்பிக்கும் விதம்தான் என்னைக் கட்டிப்போடுகிறது. மண் திருமேனி என்பதால் மூலவருக்கு நீர் அபிஷேகம் கிடையாது. அது உற்சவருக்கும் விஷ்ணு துர்க்கைக்கும்தான். மூலவருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, 48 நாள், தைலக்காப்பு. சாம்பிராணித் தைலம், புனுகு, ஜவ்வாது எல்லாம் மண்ணில் ஊறி இறங்கும். அத்தனை நாளும் சந்நிதியில் திரைதான்; வெள்ளைத் துணியில் வரைந்த அம்மனுக்கே அர்ச்சனை. உக்கிரம் தணிய இளநீரும் தயிரும் படைப்பார்கள்.

கல்லை எண்ணெய் தேய்த்துக் கழுவிவிடலாம். மண்ணைக் கைக்குழந்தையைப் போலத்தான் தொட வேண்டும். கோடையில் அம்மன் முகத்தில் முத்து முத்தாக வியர்க்கும் என்பார்கள். தைலம் ஊறிய அந்தக் கருத்த கன்னத்தில் விளக்கொளி படும்போது, அதை நம்பாமல் இருக்க என்னால் முடியவில்லை.