பாலில் இல்லாத வெயில்

மகள் பிறந்த மூன்றாம் வாரம், மருத்துவர் வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதித் தந்தார். அத்தை சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தாய்ப்பாலுக்கு மேல என்னம்மா மருந்து? உன் பால்ல என்ன குறை?"

தமிழ் படித்தவள் என்பதால் அந்தக் கேள்வியின் வயது எனக்குத் தெரியும். புறநானூற்றின் 278ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய பெண்ணை வீரத்தாய் என்றே வகுப்பில் நடத்துகிறோம். மகன் போரில் புறமுதுகு காட்டினான் என்ற பேச்சைக் கேட்டதும், அவன் பாலுண்ட முலையை அறுப்பேன் என்கிறாள் அவள். பிழை மகனுடையது, தண்டனை மார்புக்கு. பிள்ளையிடம் எது பிசகினாலும் பாலை விசாரிக்கும் வழக்கம் அவ்வளவு பழையது.

பிள்ளைத்தமிழ் இன்னும் கனிவானது. செங்கீரையில் குழந்தை தலை நிமிர்த்துகிறது, சப்பாணியில் உட்கார்ந்து கை கொட்டுகிறது, வருகையில் நடந்து வருகிறது. எலும்பு உறுதிப்படுவதன் கொண்டாட்டம் என்றே இவற்றை வாசிக்கலாம். அங்கே நிலவை விளையாட அழைக்க அம்புலிப் பருவம் உண்டு. கதிரவனை அழைக்கப் பருவம் இல்லை.

எலும்புக்கோ வெயில் வேண்டும். வைட்டமின் டி இல்லாமல் குடல் கால்சியத்தைச் சரிவர உறிஞ்சாது. கடுமையாகக் குறைந்தால் ரிக்கெட்ஸ் வரும்: மணிக்கட்டு புடைக்கும், கால் வளையும், நடை தாமதமாகும், சில குழந்தைகளுக்கு வலிப்பும் வரும். கைக்குழந்தைக்கு நாளுக்கு 400 அலகு தேவை. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் பொதுவாக 80 அலகுகூட இருப்பதில்லை. இது தாய்ப்பாலை நிறுத்தக் காரணமல்ல. சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுக்கக் காரணம்.

பாலில் ஏன் குறைகிறது என்பதே என் கேள்வி. தாயின் உடலில் இருப்பதுதானே பாலுக்குப் போகும்? கருவுற்றவளை, கறுத்துவிடுவாய் என்று வெயிலில் இறங்கவிடுவதில்லை. பெற்றவளை, காற்றுப்படும் என்று சன்னல் சாத்திய அறையில் கிடத்துகிறோம். பிறகு அவள் பாலை அமுதம் என்கிறோம். 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பாலூட்டும் தாய்மாருக்கு மருத்துவக் கண்காணிப்பில் நாளுக்கு 6400 அலகு கொடுத்தார்கள். அவர்களுடைய பாலே குழந்தைகளுக்குப் போதுமானதாயிற்று. தாமாக எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய அளவல்ல அது. ஆனால் பாலின் குறை என்று நாம் சொல்வது, தாய்க்குக் கிடைக்காமல் போனதன் கணக்கு என்பதை அது காட்டிவிட்டது.

தாய்மையைப் புனிதமாக்கும் பேச்சில் பால் இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. சுரக்கும் உடல் மட்டும் இல்லை. மகளுக்கு ஓராண்டும் சொட்டு மருந்து கொடுத்தேன், ஓடி விளையாடுகிறாள். எனக்கு மூட்டுவலி வந்து முதன்முதலாக வைட்டமின் டி சோதித்தபோது அவள் ஏழாம் வகுப்பில் இருந்தாள். அத்தனை ஆண்டுகளில் "உனக்குப் பார்த்தார்களா?" என்று அத்தை கேட்கவில்லை, மருத்துவர் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.