முகமூடிக்குள் யார்? – ‘மகாவதார் நரசிம்மா’வும் அந்திநேரத்துப் பயங்களும்

‘மகாவதார் நரசிம்மா’ அந்தியில் தொடங்குகிறது. திதி கணவனை அழைப்பது விளக்கு வைக்கிற நேரம். காசியபர் தயங்குகிறார், இது வேளையல்ல என்கிறார். அவள் கேட்பதாக இல்லை. அந்த வேளைகெட்ட கூடலில் கருவானவர்கள்தான் இரணியாட்சனும் இரணியகசிபுவும். பின்னால் இரணியகசிபு பிரம்மாவிடம் பகலிலும் சாவு கூடாது, இரவிலும் கூடாது என்று பட்டியல் போட்டு வரம் வாங்கும்போது, தான் உருவான அந்த வேளையைத்தான் விட்டுவிடுகிறான். தன் பிறப்பின் கணத்தை மறந்தவன் அதே கணத்தில் சாகிறான். பாகவதத்தின் மூன்றாம் ஸ்கந்தத்து அந்தியையும் ஏழாம் ஸ்கந்தத்து அந்தியையும் ஒரே படத்தின் இரண்டு முனைகளில் வைத்ததற்காக இயக்குநர் அஸ்வின் குமாரைப் பாராட்டத்தான் வேண்டும். வைத்துவிட்டு அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் என் புகார்.

2025 ஜூலை 25 அன்று வெளியான இந்த அனிமேஷன் படம் இந்தியிலும் பிற மொழிகளிலுமாக வந்து, இந்தியாவில் எடுக்கப்பட்ட எந்த அனிமேஷன் படமும் அதுவரை பார்த்திராத வசூலைப் பார்த்தது. அரங்கில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவர்களைப் பற்றியும் பஜனை பாடியவர்களைப் பற்றியும் செய்திகள் வந்தன. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். உடனே எழுந்த கேள்வி, குழந்தைகளுக்கு இவ்வளவு ரத்தம் தேவையா என்பது. இது தப்பான கேள்வி. பாட்டி சொன்ன கதைகளில் இதைவிட அதிகமாகவே ரத்தம் இருந்தது. பயம் குழந்தைகளுக்கு ஆகாத பண்டம் என்பது நடுத்தர வர்க்கத்துப் புது மூடநம்பிக்கை. பயத்தை யார் கிளப்புகிறார்கள், கிளப்பியதை யார் அடக்கித் தருகிறார்கள் என்று கேட்டால்தான் இந்தப் பிரதிக்குள் நுழைய முடியும்.

ஜவளகிரியில் அந்தி என்பது புராணச் சொல் அல்ல. பன்னேருகட்டா காட்டிலிருந்து வரும் யானைக்கூட்டங்கள் ஜவளகிரிக் காடு வழியாகத் தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் இறங்குவது ராகி முற்றுகிற மாதங்களில். பகலெல்லாம் மரங்களுக்குள் நிற்பவை, பொழுது சாய்ந்ததும் வயலுக்கு வரும். பரண், தகரம், பட்டாசு, தீப்பந்தம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அதே நேரத்தில்தான் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்தவர்களை இறக்கிவிட்டுப் போகும் வண்டிகளும். பகலுமில்லை இரவுமில்லை, காடுமில்லை ஊருமில்லை என்பது இங்கே இருப்பவனுக்கு ஒரு வரத்தின் சட்ட ஓட்டை அல்ல, வீடு போய்ச் சேரும் வழி. இங்கே ஒரு வீட்டுக்குள் தமிழ், வாசலில் கன்னடம், சந்தையில் தெலுங்கு. நரசிம்மன் என்ற பெயர் மூன்று மொழிக்காரர்களிடமும் உண்டு.

வாசப்படியில உக்காராதேன்னு இன்னும் சொல்கிற வீடுகள் இருக்கின்றன. ஏன் என்று கேட்டால், நரசிம்மர் இரணியனை மடியில் போட்டுக் கிழித்த இடம் என்பார்கள். ஒரு புராண நிகழ்ச்சி தினசரிப் பழக்கமாகப் படிந்துவிட்டிருக்கிறது. வாசற்படி ஒவ்வொன்றும் அந்தக் கொலை நடந்த இடம். நாட்டார் மனம் இந்தக் கதையை ஒரு விடுகதையாகவே கேட்டிருக்கிறது. உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை, அது என்ன? மனுசனுமில்லை மிருகமுமில்லை, அது என்ன? விடுகதையின் பயம் விடை தெரியாதவரைதான். தூண் பிளந்து விடை வெளியே வரும்போது, எல்லைக்கோடுகளால் உலகத்தைப் பங்குபோட்டு ஆண்டவன், கோட்டின் மேலேயே ஒன்று நிற்பதைப் பார்க்கிறான். அதிகாரத்தின் மொழி எதிரிணைகளால் ஆனது, அந்த இணைகளின் நடுவே விழுந்த எச்சம் அதைக் கொல்லும் என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இருக்கவில்லை.

படம் இந்த இடத்தில் என்ன செய்கிறது? நீண்ட சண்டை போடுகிறது. கட்டடங்கள் நொறுங்குகின்றன, உடல்கள் பறக்கின்றன, கதையின் நுட்பமெல்லாம் யாருக்குப் பலம் அதிகம் என்ற கேள்வியாகச் சுருங்குகிறது. வாசற்படி வருகிறது, மடி வருகிறது, நகம் வருகிறது. ஆனால் அந்நேரம் நாம் ஒரு மல்யுத்தத்தின் முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விடுகதைக்குச் சண்டையில் விடை கண்டுபிடித்தால் விடுகதை செத்துப்போகும்.

யானையையும் பாருங்கள். பிரகலாதனை மிதிக்க அனுப்பிய யானை மிதிக்காமல் நிற்பது கதையின் பழைய சம்பவம். யானை நடமாடும் ஊரில் வளரும் பிள்ளைக்கு அந்தக் காட்சி பொம்மைக் காட்சி அல்ல. பக்கத்து வீட்டுப் பையன் படம் பார்த்துவிட்டு வந்து கேட்டது: “யானைக்கு அவன் சாமி கும்புடறவன்னு எப்படித் தெரியும்?” இந்தக் கேள்விக்குள் எல்லாம் இருக்கிறது. காட்டின் ஓரத்தில் வாழ்கிறவனுக்கு யானையின் மனசு ஒரு தீராத புதிர். யானையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பக்தியும் உண்டு, பயமும் உண்டு, எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. கதை இந்தக் கலப்பிலிருந்து முளைத்தது. திரையிலோ யானை அற்புதத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டு ஒதுங்குகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது ஹோலிகா. அண்ணன் மகனை மடியில் வைத்துக்கொண்டு நெருப்பில் உட்காருகிறவள். பாகவதத்தின் பிரகலாத சரித்திரத்தில் இவள் இல்லை. வடக்கே ஹோலிப் பண்டிகையோடு வளர்ந்தவள். அதே பௌர்ணமியை ஒட்டித் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எரிக்கப்படுவது காமன். எரிந்த கணவனுக்காக ரதி அழுகிற ஒப்பாரியும் எரிந்தவன் எழுந்து வருவதும் கொண்ட பண்டிகை நம்முடையது. படம் இந்த வித்தியாசத்தை அறியாது, எல்லோருக்கும் ஒரே நெருப்பு. ஆனால் மொழிமாற்றத்தில் எதிர்பாராத ஒன்று நடந்துவிடுகிறது. ஹோலிகா பிரகலாதனுக்கு அத்தை. வடக்கில் அது வெறும் அப்பாவின் தங்கை. நம் உறவுமுறையில் அத்தை என்றால் பெண் கொடுக்கக்கூடிய வீடு, தாய்க்கு அடுத்த மடி. அந்த மடியே சிதையாகும்போது தமிழ்க் குழந்தைக்கு ஏற்படும் நடுக்கம் இயக்குநரின் கணக்கில் இருந்திருக்க வாய்ப்பில்லை. படத்தில் எனக்கு உண்மையாகவே பயம் வந்த இடம் அதுதான்.

இரணியன் முகத்துக்கு வருவோம். கம்பனில் இரணியன் வதைப் படலம் யுத்த காண்டத்தில் வருகிறது. வான்மீகியில் இல்லாத பகுதி. இராவணனுக்கு வீடணன் சொல்வதாக அமைத்தான் கம்பன். அண்ணனுக்குத் தம்பி சொல்லும் எச்சரிக்கை, குடும்பத்துக்குள்ளேயே பேசப்படும் கதை. தூண் பிளந்த பிறகும் மகன் வணங்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். இரணியன் சிரிக்கிறான், வணங்குவதானால் தன் வாளைத்தான் வணங்குவேன் என்கிறான். கம்பனுக்கு அவன்மேல் ஒரு மரியாதை இருப்பது மறைக்க முடியாதது. 1967இல் ஏவிஎம்மின் ‘பக்த பிரகலாதா’வில் எஸ்.வி. ரங்காராவ் இந்த மரியாதையை உடம்பில் காட்டினார். இந்த எல்லைப்பகுதிக்கு அதைவிட நெருக்கமானது 1983இல் வந்த கன்னடப் படம். ராஜ்குமார் இரணியகசிபு, அவருடைய சொந்த மகன் புனீத் பிரகலாதன். மகனைக் கொல்ல உத்தரவிடும் அப்பாவை அந்த மகனின் அப்பாவே நடிக்கிறார். கோபத்துக்கும் பாசத்துக்கும் நடுவே அந்த முகத்தில் ஓடுவதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஏ.கே. ராமானுஜன் – வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக மைசூரில் வளர்ந்தவர் – இந்திய ஈடிபஸ் பற்றி எழுதிய கட்டுரையில், நம் கதைகளில் மகன் அப்பனைக் கொல்வது அபூர்வம், அப்பன்தான் மகனை ஒடுக்குகிறான், மகன் பணிகிறான் என்று காட்டினார். பிரகலாதன் இந்தச் சட்டகத்துக்குள் ஒழுங்காக அடங்குவதில்லை. அவன் பணியவில்லை, கொல்லவும் இல்லை. ஒரு பெரிய அப்பனைக் கூப்பிட்டுச் சின்ன அப்பனை ஒழிக்கிறான். இந்தச் சங்கடம்தான் கதையின் மறைவான நரம்பு. எந்தக் குழந்தையும் ஒரு நாளாவது அப்பா இல்லாமல் போகட்டும் என்று நினைத்திருக்கும். நினைத்ததற்காகப் பயந்தும் இருக்கும். அந்தப் பயத்துக்கு இடம் வேண்டுமானால் இரணியன் அப்பாவாக இருக்க வேண்டும். ‘மகாவதார் நரசிம்மா’வின் இரணியகசிபு அப்பாவல்ல, தசைக்குன்று. அவன் சாவதில் யாருக்கும் இழப்பில்லை. இழப்பில்லாத இடத்தில் பயமும் இல்லை, சத்தம் மட்டும்தான் உண்டு.

இந்தச் சிங்கத்தை மறுத்தவர்களும் உண்டு. மகாத்மா பூலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’யில் நரசிம்மனைச் சிங்க வேஷம் போட்டு ஒளிந்திருந்து கொன்ற வஞ்சகனாகப் படித்தார். பாரதிதாசன் 1934இல் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகத்தில் இரணியனை ஆரியச் சதிக்குப் பலியான திராவிட மன்னனாக்கினார். இருவருக்கும் கேள்வி ஒன்றுதான். முகமூடிக்குள் இருப்பது யார்? பகுத்தறிவு விமரிசனம் என்று இதை ஒதுக்குகிற ஆன்மிகர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அதே கேள்வியைப் பக்தியும் கேட்டிருக்கிறது.

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவைச் சொல்கிறேன். தமிழ் ஊரில், மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாடகம். நரசிம்ம முகமூடி அங்கே ஒப்பனைப் பொருள் அல்ல, பூஜையில் இருப்பது. அதை அணிபவர் விரதம் இருந்து அணிகிறார். தூண் பிளந்து வந்த பிறகு அவர் நடிகரா சாமியா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. ஆட்கள் சேர்ந்து அவரைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறார்கள். இரணியன் வேஷக்காரருக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகிவிடக்கூடாது என்ற பயம் அந்தப் பிடியில் இருக்கிறது. முகமூடிக்குள் போன மனிதன் திரும்பி வருவானா? அங்கே உட்கார்ந்திருக்கும் குழந்தை பார்ப்பது இந்தப் பயத்தை. கூடவே, நாலு பேர் சேர்ந்து அதைப் பிடித்து நிறுத்துவதையும் அது பார்க்கிறது.

தமிழ்ச் சைவம் இதையே தன் வழியில் செய்தது. மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய திருபுவனம் கம்பகரேஸ்வரர் கோயிலில் சரபருக்குத் தனிச் சன்னதி. இரணியனைக் கொன்றும் அடங்காத நரசிம்மத்தை அடக்கச் சிவன் எடுத்த பறவை-மிருக உரு அது. கட்சிச் சண்டை என்று இதைச் சிரித்துத் தள்ளலாம், சைவ வைணவப் போட்டி அதில் இருக்கிறதுதான். ஆனால் போட்டிக்கு அடியில் ஒரு கவலை ஓடுகிறது. நியாயத்துக்காக வந்த கோபம் நியாயம் முடிந்ததும் போய்விடும் என்று யார் சொன்னது? வைணவர்கள் தங்கள் பங்குக்கு லட்சுமியை மடியில் உட்காரவைத்தார்கள், யோகத்தில் அமர்த்தினார்கள். நல்லமலைக் காட்டுச் செஞ்சுக்களோ அந்தச் சிங்கத்துக்குத் தங்கள் பெண்ணைக் கட்டிவைத்து மாப்பிள்ளையாக்கிக்கொண்டார்கள். எனக்குப் பிடித்த தீர்வு அதுதான். அடக்கிய முறைகள் வேறு வேறு, ஆனால் அடக்க வேண்டியிருக்கிறது என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்.

அனிமேஷனில் முகமூடிக்குள் ஆளில்லை. இது தொழில்நுட்பத்தின் குற்றம் அல்ல. பொம்மலாட்டத்திலும் தோல்பாவையிலும்கூட உள்ளே ஆளில்லை, ஆனால் பின்னால் ஒரு குரல் இருக்கிறது, விளக்கின் முன்னே கை நடுங்குவது தெரிகிறது. கணினி உருவாக்கிய இந்த நரசிம்மத்தைப் பிடித்து நிறுத்த யாரும் ஓடிவர வேண்டியதில்லை. படத்திலும் கடைசியில் பிரகலாதன் அருகே போகிறான், ஆனால் அதற்குள் அரங்கம் கைதட்டி முடித்திருக்கிறது. மெலட்டூரில் பார்வையாளன் சாமியைப் பிடிக்கிறவனின் பக்கம். இங்கே கிழிக்கிறவனின் பக்கம். கோபப்படுகிற சாமிகளின் உருவங்கள் கார்க் கண்ணாடிகளில் ஒட்டப்படுகிற காலத்தில் இந்த இடமாற்றத்தைச் சும்மா விட முடியாது. பிடித்து நிறுத்த ஆளில்லாத கோபத்தைப் பார்த்துக் கைதட்டப் பழகுகிற குழந்தை, பயப்படுகிற குழந்தையைவிட அதிகம் கவலை தருகிறது.

இதே தயாரிப்பாளர்கள் 2037 வரை நீளும் வரிசை ஒன்றை அறிவித்திருக்கிறார்கள். அடுத்தது பரசுராமன். அப்பன் சொல் கேட்காத மகனுக்கு அடுத்து, அப்பன் சொன்னான் என்று அம்மா தலையை வெட்டிய மகன். தலைகீழ்ப் பிரதி. நம் பக்கத்துக் கதையில் அந்த வெட்டில் ஒரு தலை அல்ல, இரண்டு தலைகள் விழுகின்றன. ரேணுகாவின் தலையும், அவள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்த தாழ்த்தப்பட்ட பெண்ணின் தலையும். உயிர் கொடுக்கும்போது உடம்பும் தலையும் மாறிப் பொருந்திவிடுகின்றன. ஒருத்தி மாரியம்மா, ஒருத்தி எல்லம்மா. எந்தத் தலை எந்த உடம்பு என்று ஊருக்கு ஊர் வேறு மாதிரிச் சொல்வார்கள். கணினியில் அந்தத் தலைகளை ஒட்டப்போகிறவர்கள் அந்த இரண்டாவது பெண்ணைக் கதைக்குள் விடுவார்களா என்று பார்க்க வேண்டும்.